கப்புச்சினோவுக்கு நுரை வரவில்லை. பாய்லரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எட்டு மாதம் முன்பு வீட்டுக்கு ஒரு எஸ்பிரெசோ மெஷின் வாங்கினோம். முதலில் கப்புச்சினோ நன்றாகவே வந்தது. இப்போது பாலில் நுரை எழும்புவதில்லை, ஆவி மெலிதாக வருகிறது. காபியும் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசக்கிறது. ஆவிக் குழாயில் புளித்த வாடை வேறு. இணையத்தில் எண் தேடி அழைத்தோம். வந்தவர், பாய்லர் போய்விட்டது, மாற்ற 4,500 ரூபாய் ஆகும், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் போட்டுவிடுங்கள் என்கிறார். நாங்கள் ஊற்றுவது போர் தண்ணீர். பால், பாக்கெட் பாலைக் காய்ச்சி வைத்தது. தூள், வழக்கமாக ஃபில்டர் காபிக்கு வாங்கும் தூள்தான். மாற்றிவிடலாமா? (வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: இப்போதைக்குப் பணம் எதுவும் கொடுக்காதீர்கள். சூடேற்றும் பகுதி கெட்டுப்போயிருந்தால் காபி சூடாக இறங்காது, ஆவியும் வராது. உங்களுக்கு இரண்டும் வருகிறது. போதாததற்கு, வீட்டு மெஷின்கள் பலவற்றில் பாய்லர் என்று தனியாக ஒரு பாத்திரமே கிடையாது. தண்ணீரை ஓடும்போதே சூடாக்கும் ஓர் உலோகக் கட்டிதான் உள்ளே இருக்கும். இல்லாத பாய்லரை மாற்றியதாகக் கணக்குக் காட்டுகிறவர்களும் நம் ஊரில் உண்டு.

வந்தவர் செய்திருக்க வேண்டிய சோதனைகள் இரண்டு. நீங்களே செய்யலாம். முதலில், மெஷின் ஓய்ந்திருக்கும்போது தூள் போடும் கைப்பிடியைக் கழற்றிவிட்டு வெறும் தண்ணீரை ஓட விடுங்கள். தண்ணீர் தடையில்லாமல் கொட்டினால் மெஷினில் குறை இல்லை, தூளில்தான் குறை. அப்போதும் நூல் போல இறங்கினால் உள்ளே உப்பு படிந்திருக்கிறது. அடுத்து, ஆவிக் குழாய் நன்றாக ஆறிய பிறகு அதன் நுனி மூக்கைத் திருகிக் கழற்றுங்கள். மூக்கில்லாத அந்தக் குழாயை ஒரு காலி ஜக்குக்குள் விட்டு, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு ஆவியைத் திறங்கள். இப்போது பலமாக வந்தால் அடைப்பு அந்தச் சின்ன மூக்கில்தான். உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் புளித்த வாடை, உள்ளே காய்ந்து கிடக்கும் பாலின் வாடை.

மூக்கை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய ஊசியால் துளையைக் குத்தி விடுங்கள். அப்புறம் தினமும் செய்ய வேண்டியது இது: பாலுக்குள் விடும் முன் இரண்டு நொடி ஆவியை வெளியே விடுங்கள். நுரை எடுத்தவுடன், காபி கலக்கும் முன்பே, ஈரத்துணியால் குழாயைத் துடைத்துவிட்டு மறுபடி இரண்டு நொடி ஆவி விடுங்கள். ‘குடித்துவிட்டுத் துடைத்துக்கொள்ளலாம்’ என்று விட்டால் பால் வெந்து ஒட்டிக்கொள்ளும். ஆவி நின்றதும் குழாய் ஆறும்போது கொஞ்சம் பாலை உள்ளே இழுத்துக்கொள்ளவும் செய்யும்.

இனி தூள். ஃபில்டர் காபித் தூளில் பெரும்பாலும் சிக்கரி இருக்கும். டிகாக்ஷனுக்கு அது சரி. ஆனால் எஸ்பிரெசோ காற்றழுத்தத்தைப் போல சுமார் 9 மடங்கு அழுத்தத்தில் இறங்குவது. அந்த அழுத்தத்தில் சிக்கரி ஊறிப் பிசுபிசுத்து, வடிகட்டியின் துளைகளை அடைக்கும். காபி சொட்டுவதற்கும் கசப்பதற்கும் காரணம் அநேகமாக இதுதான். சிக்கரி கலக்காத, எஸ்பிரெசோவுக்கென்று அரைத்த தூளாகக் கேட்டு வாங்குங்கள். கலவைத் தூளில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும், சிக்கரி எவ்வளவு என்பதைப் பாக்கெட்டில் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் அரைத்துச் சூடாகக் காகிதப் பையில் கட்டிக் கொடுக்கும் இடத்தில் எதைப் படிப்பது? கண்ணெதிரே கொட்டையை அரைக்கச் சொல்லுங்கள். ‘எல்லா மெஷினுக்கும் ஆகும், சார்’ என்று தள்ளிவிடப் பார்த்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். இரண்டு கோப்பை வடிகட்டிக்கு 15 கிராம் அளவு போட்டு, 25 முதல் 30 நொடிக்குள் இறங்கினால் சரி. இன்னொன்று, ஆவி எடுத்த கையோடு அடுத்த காபியை இறக்காதீர்கள். மெஷின் அப்போது அதிகச் சூட்டில் இருக்கும், தூள் கருகிவிடும். கொஞ்சம் வெந்நீரை வெளியே விட்டுவிட்டு இறக்குங்கள்.

பாலைக் காய்ச்சி வைப்பது நம் பழக்கம். நுரைக்கு அது ஆகாது. பாண்லே, ஆவின் போன்ற பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டரைஸ் செய்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, காய்ச்சாமல், சில்லென்றே ஜக்கில் ஊற்றுங்கள். முதல் சில நொடி மூக்கு பாலின் மேல்மட்டத்தை ஒட்டி இருக்கட்டும், காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். பிறகு கொஞ்சம் ஆழமாக இறக்கிப் பாலைச் சுழல விடுங்கள். ஜக்கில் கை வைக்க முடியாத சூடு வந்ததும் நிறுத்துங்கள், சுமார் 60 டிகிரி. 70-ஐத் தாண்டினால் நுரை அமுங்கி, காய்ச்சிய பால் வாசனை அடிக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். மஞ்சக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டை வரை கறந்த பாலைப் பால்காரரிடம் வாங்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பாலைக் காய்ச்சாமல் நுரைக்கக் கூடாது. ஆவிச் சூடு சில நொடிதான் இருக்கும், அதை நம்பி நோயை வாங்கிக்கொள்ள வேண்டாம். பொங்கக் காய்ச்சி, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் நன்கு குளிரவைத்து, மெல்லிய துணியில் ஆடையை வடிகட்டிய பிறகே ஜக்கில் ஊற்ற வேண்டும். துளி ஆடை போனாலும் மூக்கு அடைத்துக்கொள்ளும். நுரையைத் தாங்குவது பாலின் புரதம். தண்ணீர் கலந்த பாலில் அது நீர்த்துவிடும், பழைய பாலிலும் நுரை நிற்காது. எனவே கறந்த பாலில் நுரை வரவில்லை என்றால், ஒரு நாள் புதுப் பாக்கெட் பாலை ஊற்றிப் பாருங்கள். அதில் வந்தால் மெஷினைக் குறை சொல்ல வேண்டாம், பால்காரரிடம் பேசுங்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது தண்ணீர் விஷயத்தில். கடலோர ஊரில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருப்பது எல்லோருக்கும் தெரியும். கீசர் காயிலில் வெள்ளையாகப் படிவதுதான் இந்த மெஷினுக்குள்ளும் படிகிறது. இதே ஊரில் மெஷினை விற்கிறவர்கள் அதை வாங்கும்போது சொல்வதில்லை. கடின நீரால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் இல்லை என்ற வரி, உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும். பழுது வந்தபின் அதே வரியை நம் முன் நீட்டுவார்கள். பெட்டியின் மேல் தமிழில் ஒரு வரி அச்சிட வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

போர் தண்ணீரை இன்றோடு நிறுத்திவிட்டு ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றுங்கள். இதுவரை படிந்ததை எடுக்க, மெஷினின் கையேடு தடுக்கவில்லை என்றால் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், போதும். லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. தொட்டியில் வடிகட்டி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். பாதியைக் காபி வழியாகவும் ஆவிக் குழாய் வழியாகவும் விட்டு, மெஷினை அணைத்து 20 நிமிடம் வைத்து, மீதியையும் விடுங்கள். பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீர். ராத்திரி முழுக்க ஊறவைக்கக் கூடாது. வினிகர் வேண்டாம், வாடை போகாது. கழிவறை ஆசிட்டை ஊற்றித் தரும் ‘சர்வீஸ்’ ஆட்களை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். அது உலோகத்தை அரித்து மெஷினையே முடித்துவிடும்.

இணையத் தேடலில் முதலில் வரும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்களில் போலிகள் ஏராளம். பதிவுக்கு 10 ரூபாய் அனுப்புங்கள், இந்தச் செயலியை இறக்குங்கள் என்று சொன்னாலே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். உத்தரவாத அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் அழையுங்கள். எட்டு மாதம்தான் ஆகிறது, உங்கள் உத்தரவாதம் அநேகமாக இன்னும் முடிந்திருக்காது. வெளியாள் ஒருவர் மெஷினைப் பிரித்தால் அதுவும் போய்விடும்.

இத்தனையும் செய்தபின் கைப்பிடி இல்லாமலும் தண்ணீர் நூலாகத்தான் இறங்குகிறது என்றால் நிறுவனத்தின் சேவை மையத்துக்குக் கொண்டுபோங்கள். எந்தப் பாகம், ஏன் பழுது என்று எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.