கழுத்து வீக்கம்: ஸ்கேனில் ஒன்றுமில்லையாம், ஆனால் காய்ச்சல் விடவில்லை

அக்கா, மகனுக்குத் தொண்டை வலி வந்து ஒரு வாரத்தில் நடுக்கக் காய்ச்சல், வலப்பக்கக் கழுத்தில் வீக்கம். ஹட்டனில் எடுத்த அல்ட்ராசவுண்டில் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். தொண்டைக் கிருமி கழுத்து இரத்த நாளத்துக்குப் பரவி, அங்கே இரத்தம் கட்டியாக உறையும் லெமியர் நோயாக இருக்கலாம். தாடை எலும்புக்கும் காறை எலும்புக்கும் பின்னால் அந்த ஸ்கேனுக்குச் சரியாகத் தெரியாது. புதிதாக உறைந்த இரத்தக்கட்டியும் தப்பிவிடலாம்.

சாயமருந்து ஏற்றி சிடி ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள், கழுத்தோடு நெஞ்சையும் சேர்த்து. இரத்தக்கட்டி இருந்தால் அந்த நாளத்தின் நடுப்பகுதி கறுத்து, சுவர் மட்டும் வெள்ளை வளையமாகத் தெரியும். கிருமி பிடித்த துண்டுகள் உடைந்து நுரையீரலில் போய்த் தங்கும். நெஞ்சையும் பார்ப்பது அதற்குத்தான். பிரெஞ்சு மருத்துவர் லெமியர் இந்த நோயை 1936இல் விவரித்தபோது சிடியே கிடையாது!

தோட்டத்து டிஸ்பென்சரி மாத்திரையோடு காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கிட்னி பிரச்சினையோ மருந்து ஒவ்வாமையோ இருந்தால் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.