உள்ளங்கை மஞ்சளானது ஏன்?

கேள்வி: என் வயது 38. கண்ணுக்கு நல்லது என்று மூன்று மாதமாகத் தினமும் காலையில் இரண்டு டம்ளர் கேரட் சாறு குடித்துவருகிறேன். இப்போது உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகிவிட்டன. காமாலையோ என்று பயமாக இருக்கிறது. என் கணவர் புகைபிடிப்பவர். அதே கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற நிறமி நுரையீரலைக் காக்கும் என்று சொல்லி, ஒருவர் அவருக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். சாப்பிடலாமா? காய்கறியின் நிறத்தில் உண்மையிலேயே பலன் இருக்கிறதா?

பதில்: நடுவில் கேட்டிருக்கும் மாத்திரைக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். அந்த மாத்திரையை உங்கள் கணவர் சாப்பிட வேண்டாம். இன்றே நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் நினைப்பதைத்தான் ஒரு காலத்தில் மருத்துவ உலகமும் நினைத்தது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைப் பார்த்து, அதற்குக் காரணம் பீட்டா கரோட்டினாக இருக்கலாம் என்று நம்பினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டினை ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. அந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு பெரிய ஆய்விலும் இதே போக்கு தெரிந்ததால், 1996-இல் அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். கேரட்டாகச் சாப்பிடும்போது இந்த ஆபத்து தென்படவில்லை. ஒரே நிறமியைப் பிரித்தெடுத்து, பெரிய அளவில், புகையால் ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலுக்குள் செலுத்தும்போதுதான் வினை. சில நாள் சாப்பிட்டுவிட்டார் என்றால் பதற வேண்டாம், தொடராமல் இருந்தால் போதும்.

இனி உங்கள் கை. பகல் வெளிச்சத்தில் ஜன்னலருகே நின்று, கீழ் இமையைச் சற்று இழுத்துக் கண்ணாடியில் விழியின் வெள்ளையைப் பாருங்கள். அது பளிச்சென்று வெண்மையாக இருந்து, சிறுநீரும் வழக்கமான நிறத்தில் போனால், இது பெரும்பாலும் காமாலையாக இருக்காது. காமாலையில் விழி வெண்படலம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். கரோட்டின் மிகுந்து வரும் மஞ்சள், விழியைத் தொடாது. தோலின் மேலடுக்கு தடித்திருக்கும் உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கோரம் ஆகிய இடங்களில்தான் தங்கும். மசித்த கேரட்டையும் பூசணியையும் நாள் தவறாமல் ஊட்டப்படும் குழந்தைகளின் மூக்கு நுனி மஞ்சளாகி, பதறிப்போய்த் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் தீங்கு எதுவும் இல்லை. உடல் தனக்குத் தேவையான அளவு பீட்டா கரோட்டினை மட்டுமே வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும், மிச்சம் தோலிலும் கொழுப்பிலும் கிடக்கும். சாற்றை நிறுத்தினால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் நிறம் இறங்கிவிடும். இறங்காவிட்டால் தைராய்டு, சர்க்கரை இரண்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இப்படி மஞ்சள் தங்குவது உண்டு.

நிறத்தில் பலன் உண்டா என்றால், உண்டு. ஆனால் எந்த நிறம், எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் விழித்திரை. அதன் நடுவில், நாம் எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் பயன்படுத்தும் இடத்தில், ஒரு சிறு மஞ்சள் புள்ளி இருக்கிறது. அந்த மஞ்சள், லூட்டின், ஸியாசாந்தின் என்ற இரண்டு தாவர நிறமிகளால் ஆனது. நம் உடலால் அவற்றைத் தயாரிக்க முடியாது. சாப்பிட்ட கீரையிலிருந்து போய் அங்கே படிந்தவைதான். கண்ணுக்குள் வரும் நீல ஒளியில் ஒரு பகுதியை அவை வடிகட்டுகின்றன. கீரை பச்சையாயிற்றே, மஞ்சள் எங்கே என்று கேட்பீர்கள். பச்சையம் அதை மறைத்து வைத்திருக்கிறது. இலை பழுக்கும்போது பச்சை சிதைந்து, உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மஞ்சள் புள்ளி சிதையும் நோய் ஓரளவு முற்றியவர்களுக்குக் கண் மருத்துவர்கள் தரும் ஊட்டச்சத்துக் கலவையில் முன்பு பீட்டா கரோட்டின் இருந்தது. 2013-இல் வந்த ஆய்வு முடிவுக்குப் பிறகு அதை எடுத்துவிட்டு லூட்டின், ஸியாசாந்தின் இரண்டையும் சேர்த்தார்கள். புகைபிடித்தவர்களின் நுரையீரலை எண்ணித்தான் அந்த மாற்றம்.

கேரட் உங்கள் கண்ணாடியின் பவரைக் குறைக்காது. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணை அது தடுக்கும். இருப்பது குறையும்போது நிரப்புமே தவிர, நிறைந்த பாத்திரத்தில் ஊற்றினால் வழியத்தான் செய்யும். உங்கள் உள்ளங்கையில் வழிந்திருப்பது அதுதான்.

சமைக்கும் விதமும் முக்கியம். ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் நிறங்களைத் தரும் கரோட்டினாய்டுகள் எண்ணெயில் கரைபவை. கேரட்டையும் தக்காளியையும் சிறிது எண்ணெயோடு வேகவைத்தால், பச்சையாகக் கடிப்பதைவிட அதிகமாக உடலில் சேரும். நாவல் நிறம் தரும் ஆந்தோசயனின் இதற்கு நேர்மாறு, தண்ணீரில் கரைந்துவிடும். ஊதா முட்டைக்கோஸைக் கொதிக்கவைத்து அந்த நீரைக் கொட்டினால் நிறமியையும் கொட்டிவிடுகிறீர்கள். கொட்டுமுன் அதில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், ஊதா இளஞ்சிவப்பாக மாறும். ஆந்தோசயனின் நிறைந்த பழங்களை அதிகம் சாப்பிடுவோருக்கு இதய நோய் சற்றுக் குறைவு என்பது உண்மை. ஆனால் அதே பழத்தில் நார்ச்சத்தும் பொட்டாசியமும் இருப்பதால், பெருமை முழுவதையும் நிறத்துக்குக் கொடுக்க நான் தயங்குவேன். பீட்ரூட்டைப் பாருங்கள். ரத்த அழுத்தம் சிறிது குறைவது அதன் சிவப்பால் இல்லை, அதிலுள்ள நைட்ரேட்டால். சிவப்பு செய்வது சிலருக்குச் சிறுநீரைச் சிவக்கவைத்துப் பயமுறுத்துவது. மஞ்சள் கிழங்கின் நிறமியான குர்குமினும் மிளகின் காரப்பொருளான பைப்பரினும் சேர்த்த வீரியமான மாத்திரைகளால் கல்லீரல் வீங்கியவர்கள் உண்டு, அதில் உண்மையான காமாலையே வரும்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: சாற்றை நிறுத்துங்கள். காய்கறியும் பழமுமாக நாளுக்குக் குறைந்தது 400 கிராம் சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை ஒரே நிறத்தில் நிரப்பாமல், கீரை ஒரு நாள், கேரட் ஒரு நாள் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால், கீரையின் அளவை மருத்துவரிடம் கேட்காமல் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். விழி மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், உடம்பு அரித்தால், பசி விட்டுப்போனால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். புகையை விடுவதற்கு நிக்கோட்டின் மெல்லும் பசை, ஒட்டும் பட்டை, மருந்துகள் என்று இன்று நல்ல உதவிகள் இருக்கின்றன. விட்டுப் பத்து ஆண்டுகள் ஆனவருக்கு, நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து தொடர்ந்து புகைப்பவருக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. அவர் நுரையீரலுக்கு நீங்கள் தேடிய மருந்து இதுதான்.