மாணவர் விசாவுக்குக் கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவம் வந்துவிட்டால் அந்த அமெரிக்கப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றது என்று அர்த்தமா?

இல்லை. ஐ-20 கொடுக்க அனுமதிப்பது அங்கே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. படிப்பின் தரத்தைப் பார்ப்பவர்கள் வேறு. 2011இல் கலிபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகத்தில் மாட்டிக்கொண்ட இந்திய மாணவர்களிடமும் ஐ-20 இருந்தது. அந்த இடத்துக்கு முறையான அங்கீகாரம்தான் இல்லை. சில பிள்ளைகளுக்கு, எங்கே போகிறார்கள் என்று கண்காணிக்கக் காலில் ரேடியோ பட்டை மாட்டினார்கள். கன்சல்டன்சிக்காரர் "சீக்கிரம் பணம் கட்டுங்கள்" என்று உங்களையும் விரட்டிக்கொண்டிருப்பார். சரிபார்க்காமல் கட்டாதீர்கள்.

ஒஹாயோவில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் (பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்புகள் நடத்தும் அரசுக் கல்லூரி) பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நான். நம் ஊரில் கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் என்பது யுஜிசி உருவாக்கியது. அமெரிக்காவில் அங்கீகாரம் கொடுப்பவை தனியார் சங்கங்கள். அரசு அந்தச் சங்கங்களை ஏற்பதோடு சரி. எங்களுக்கு சிகாகோவில் உள்ள ஹையர் லேர்னிங் கமிஷன், 19 மாநிலங்களின் கல்லூரிகளைப் பார்த்துவந்த அமைப்பு. முதலில் எங்களைப் பற்றி நாங்களே அறிக்கை எழுத வேண்டும். அப்புறம் மற்ற கல்லூரிகளின் பேராசிரியர்களும் டீன்களும் குழுவாக வருவார்கள். நான் இருந்தபோது ஒவ்வொரு ஆசிரியரின் கோப்பும் தயாராக இருக்க வேண்டும்: நடத்தும் பாடத்தில் முதுகலை உண்டா, வேறு பாடத்தில் முதுகலை என்றால் இதில் முதுகலை அளவில் 18 கிரெடிட்டாவது (படித்த பாடங்களை அளக்கும் அலகு) படித்திருக்கிறாரா? ஒரு கணக்கு ஆசிரியரின் பழைய மதிப்பெண் பட்டியலுக்காக இரவு வரை அலமாரி அலமாரியாகத் தேடியிருக்கிறோம்.

அங்கேதான், வேறு கல்லூரியில் படித்த பாடங்களை எங்களிடம் கணக்கில் சேர்க்கச் சொல்லி திருச்சிப் பெண் ஒருத்தி வந்தாள். லாப நோக்கக் கல்லூரி ஒன்றில் அக்கவுண்டிங் படித்து, எல்லாவற்றிலும் 'ஏ' வாங்கியிருந்தாள். அந்தக் கல்லூரிக்கு இருந்தது 'தேசிய' அங்கீகாரம். எங்கள் விதி ஏற்றது, எங்கள் கமிஷனைப் போல சில மாநிலங்களைப் பார்த்துவந்த அமைப்புகள் கொடுத்த 'பிராந்திய' அங்கீகாரத்தை மட்டும். பெயரைக் கேட்டால் தேசியம்தான் பெரிதாகத் தெரியும். நடைமுறையில் தலைகீழ். "அப்போ நான் படிச்சது படிப்பே இல்லையாக்கா?" என்று கேட்டாள். துறைத் தலைவரிடம் பேசி, தேர்வு எழுத வைத்து, இரண்டு பாடங்களை மட்டும் மீட்டுக் கொடுத்தோம். மற்றதை முதலிலிருந்து படித்தாள்.

"2020 ஜூலையிலிருந்து கல்வித் துறை அந்தப் பாகுபாட்டையே எடுத்துவிட்டதே" என்று யாராவது கீழே கருத்துப் பகுதியில் வந்து சொல்வார்கள். தெரியும். ஆனால் கிரெடிட்டை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரியின் முடிவு, பழைய பிரிவை இன்னும் பார்க்கும் இடங்கள் உண்டு. தேசிய அமைப்புகள் எல்லாமே மோசம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் ஏசிஐசிஎஸ் என்ற அமைப்பு 2022இல் அரசின் ஏற்பையே இழந்தது. அது அங்கீகரித்த பெரிய கல்லூரிகளில் ஒன்றான ஐடிடி டெக் 2016லேயே இழுத்து மூடப்பட்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் "கம்யூனிட்டி காலேஜிலயா வேலை?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் கொடுப்பதும் அதே கமிஷன்தான். இதை எத்தனை முறை சொன்னாலும் அவர்கள் காதில் ஏறுவதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் கல்வித் துறையின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது, இலவசம். கல்லூரிப் பெயரைப் போட்டு, எந்த அமைப்பு, இப்போதும் செல்லுமா என்று பாருங்கள். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்கள் படிப்புக்குப் பிறகு அங்கே வேலை பார்க்கக் கிடைக்கும் 24 மாத ஸ்டெம் நீட்டிப்புக்கு அங்கீகாரம் கட்டாயம். ஹெச்-1பி வேலை விசாவில் அமெரிக்க முதுகலைக்கான 20,000 இடங்களுக்கு, கல்லூரி லாப நோக்கமற்றதாகவும் இருக்க வேண்டும்.