எட்டு ஜிபி மேக்புக் ஏரில் விண்டோஸ் கேம்: எது ஓடும், எது ஓடாது

கேள்வி இது: குடியாத்தத்துக்காரர், காட்பாடியில் ரூம் எடுத்துப் படிக்கிறார். கையில் எம்2 மேக்புக் ஏர், 8 ஜிபி மெமரி, 256 ஜிபி டிஸ்க். வேலரன்ட், ஜிடிஏ 5, சைபர்பங்க் 2077, போர்ட்டல் 2 நான்கையும் ஆட வேண்டும். மேக்குக்குள் விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் மென்பொருளை வாங்கினால் போதுமா?

போதாது, வாங்காதீங்க தம்பி. விண்டோஸ் இல்லாமலே விண்டோஸ் கேமை ஓட்டும் கிராஸ்ஓவர் என்ற மென்பொருளில் போர்ட்டல் 2 நன்றாகவே ஓடும். ஜிடிஏ 5-இன் கதைப் பகுதி, செட்டிங்கைக் குறைத்தால் ஓடும். சைபர்பங்குக்கு இந்த மெமரி பத்தாது. வேலரன்ட் எம் வரிசை மேக் எதிலும் ஓடாது. நான்குக்கும் காரணம் வேறு வேறு. அந்தக் காரணங்கள் புரிந்துவிட்டால் நாளைக்கு ஐந்தாவதாக ஒரு கேம் வந்தாலும் யாரையும் கேட்காமல் நீங்களே சொல்லிவிடலாம்.

முதலில் வேலரன்ட், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். அதன் வேன்கார்ட் என்ற ஆன்ட்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்) விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் டிரைவராகப் போய் உட்காரும். கிராஸ்ஓவர் போன்ற மென்பொருளில் விண்டோஸே கிடையாது, அதனால் உட்கார கெர்னலும் கிடையாது. பேரலல்ஸில் உண்மையான விண்டோஸ் 11 ஓடும். ஆனால் அது எம்2 போன்ற ஏஆர்எம் வகைச் சிப்புக்கான விண்டோஸ். இன்டெல், ஏஎம்டி சிப்புக்கு எழுதிய சாதாரண மென்பொருளை அது மொழிபெயர்த்து ஓட்டும், கெர்னல் டிரைவரை மொழிபெயர்க்காது. ஆக இரண்டு பக்கமும் கதவு அடைப்பு. ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டூட்டி வார்சோன், ரெயின்போ சிக்ஸ் சீஜ், ஏபெக்ஸ், ஹாஸ்டலில் எல்லாரும் ஆடும் ஈஏ எஃப்சி எல்லாம் இதே வரிசை. "ஒரு ட்ரிக் இருக்கு" என்று வீடியோ போடுபவர்களை நம்பி அக்கவுன்ட் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதீர்கள். ஆன்லைனில் நண்பர்களோடு ஆடத்தான் ஆசை என்றால் டோட்டா 2, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், ரோப்ளாக்ஸ் மூன்றுக்கும் மேக்கிலேயே நேரடிப் பதிப்பு இருக்கிறது. வேலரன்ட்தான் வேண்டும் என்றால் விண்டோஸ் பிசி இருக்கும் கேமிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடுவதே மலிவு.

எந்தக் கேமானாலும் முதலில் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் அதன் பக்கத்தில் விலைக்கு அருகே ஆப்பிள் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். பால்டர்ஸ் கேட் 3, நோ மேன்ஸ் ஸ்கை ஆகியவற்றுக்கு மேக் பதிப்பு உண்டு. சைபர்பங்குக்கே 2025 ஜூலையில் மேக் பதிப்பு வந்துவிட்டது. ஆனால் அது குறைந்தது 16 ஜிபி கேட்கிறது, உங்களுக்குச் சிக்கல் அதுதான்.

அந்தச் சின்னமும் சில சமயம் ஏமாற்றும். போர்ட்டல் 2 பக்கத்தில் சின்னம் இருந்தாலும் அந்த மேக் பதிப்பு 32 பிட் என்ற பழைய வகை. 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேடலீனாவோடு 32 பிட் மென்பொருளுக்கு ஆப்பிள் கதவைச் சாத்திவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே கேமின் விண்டோஸ் பதிப்பைக் கிராஸ்ஓவரில் போட்டால் ஓடும். 32 பிட் விண்டோஸ் மென்பொருளை ஓட்டும் ஏற்பாடு அதற்குள் இருக்கிறது. பழைய கேம் பலவற்றுக்கும் இதே கதைதான். ஸ்டீமில் ஒருமுறை வாங்கினால் இரண்டு பதிப்பும் உங்களுடையது, மறுபடி பணம் கட்ட வேண்டியதில்லை.

கிராஸ்ஓவர் என்பது வைன் என்ற இலவச மென்பொருளின் மேல் கட்டியது. வைன் 1993-லிருந்து வளர்ந்து வருகிறது. கேம் விண்டோஸிடம் "இந்த ஃபைலைத் திற, இந்தச் சத்தத்தை எழுப்பு" என்று கேட்பதை வைன் மேக்ஓஎஸ்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும். இன்டெல் சிப்புக்கான கட்டளைகளை ரொசெட்டா 2 ஆப்பிள் சிப்புக்கு மாற்றும். விண்டோஸின் கிராஃபிக்ஸ் முறையான டைரக்ட்எக்ஸில் வரையச் சொல்வதை டி3டி மெட்டல் போன்ற ஒன்று ஆப்பிளின் கிராஃபிக்ஸ் முறையான மெட்டலுக்கு மாற்றும். மூன்று மொழிபெயர்ப்பாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேம் திறக்கவே இல்லையா, திறந்து கறுப்பாக நிற்கிறதா, படம் வந்து திக்கித் திக்கி ஓடுகிறதா என்பதைப் பார்த்தால் யாரிடம் கோளாறு என்று ஊகித்துவிடலாம்.

போடும் முறை சிரமமில்லை. கிராஸ்ஓவரை 14 நாள் இலவசமாகச் சோதிக்கலாம். முதல்முறை திறக்கும்போது ரொசெட்டா கேட்டால் இன்ஸ்டால் கொடுங்கள். பிறகு இன்ஸ்டால் பக்கத்தில் ஸ்டீம் என்று தேடினால், பாட்டில் என்ற தனி அறை ஒன்றை உருவாக்கி விண்டோஸ் ஸ்டீமை அதில் இறக்கிவிடும். மேக்கில் ஏற்கெனவே இருக்கும் ஸ்டீம் வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக் குழம்ப வேண்டாம். ஒரு லாஞ்சருக்கு (ஸ்டீம் போல கேமை இறக்கித் திறக்கும் மென்பொருள்) ஒரு பாட்டில் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒரு லாஞ்சர் அப்டேட் ஆகிக் கெட்டுப்போனாலும் மற்றது பிழைக்கும். ஆனால் பாட்டிலை அழித்தால் உள்ளே இருக்கும் சேவ் ஃபைலும் சேர்ந்தே போகும். கிளவுட் சேவ் ஏறிவிட்டதா என்று பார்க்காமல் டிலீட்டில் கை வைக்காதீர்கள்.

பாட்டிலைத் தேர்ந்தெடுத்தால் வலப்பக்கம் கிராஃபிக்ஸ் என்று ஒரு பெட்டி தெரியும். ஆட்டோ, டி3டி மெட்டல், டிஎக்ஸ்எம்டி, டிஎக்ஸ்விகே என்று வரிசையாக இருக்கும். டைரக்ட்எக்ஸ் 12 கேமுக்கு டி3டி மெட்டல்தான் வழி, அதற்கு மேக்ஓஎஸ் சோனோமாவாவது வேண்டும். டைரக்ட்எக்ஸ் 11 கேமுக்கு டி3டி மெட்டல், டிஎக்ஸ்எம்டி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஒன்றில் நிழல் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் மற்றதில் சரியாக இருக்கும். போர்ட்டல் 2 போன்ற பழையதற்கு ஆட்டோவிலேயே விடுங்கள். பக்கத்தில் சிங்க் என்பதில் எம்சிங்க் வையுங்கள். மாற்றிய ஒவ்வொரு முறையும் பாட்டிலில் ஓடும் ஸ்டீமை முழுதாக மூடித் திறக்க வேண்டும். இதைச் செய்யாமல் "எதை மாற்றினாலும் ஒன்றும் ஆகவில்லை" என்பவர்கள்தான் அதிகம்.

கேம் திறந்த உடனே எந்தச் செய்தியும் இல்லாமல் மூடிக்கொண்டால் ஏவிஎக்ஸ் காரணமாக இருக்கலாம். புதிய கேம்கள் சில ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 என்ற சிப் கட்டளைகளை எதிர்பார்க்கும். ரொசெட்டாவில் அவை மேக்ஓஎஸ் சிக்கோயாவில்தான் சேர்ந்தன. அதற்கு முந்தைய பதிப்பில் இருந்தால் முதலில் அப்டேட் செய்யுங்கள். இடையில் வரும் வீடியோவில் சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாக இருந்தால் அது வீடியோ கோடெக் பிரச்சினை. எஸ்கேப் அழுத்தித் தாண்டிவிட்டால் கேம் தொடரும். புதிய இடத்துக்குப் போகும்போதெல்லாம் முதல்முறை மட்டும் அரை வினாடி திக்கினால் பயப்பட வேண்டாம். ஒளி, நிழல் வரையும் சிறு நிரல்களான ஷேடர்களை மெட்டலுக்கு மாற்றிச் சேமித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாம் தடவை அதே தெருவில் திக்காது.

ஜிடிஏ 5-க்கு 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ ஆன்ட்டி-சீட் வந்தது. அதனால் ஆன்லைன் பகுதியை மறந்துவிடுங்கள். ராக்ஸ்டார் லாஞ்சர் செட்டிங்ஸில் ஜிடிஏ 5-க்குப் போய் பேட்டில்ஐயை அணைத்துவிட்டுக் கதையை மட்டும் ஆடலாம். இரண்டு பதிப்பில் லெகசி என்று இருப்பதை எடுங்கள். என்ஹான்ஸ்டு உங்கள் மெஷினுக்குக் கனம்.

மெமரிக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. விண்டோஸ் பிசியில் ரேம் தனி, கிராஃபிக்ஸ் கார்டு மெமரி தனி. எம் வரிசை மேக்கில் இரண்டுக்கும் ஒரே தொட்டி. ஆகவே கேம் பக்கத்தில் போட்டிருக்கும் குறைந்தபட்ச ரேமையும் கிராஃபிக்ஸ் மெமரியையும் கூட்டுங்கள். ஜிடிஏ 5 லெகசிக்கு 4-ம் 1-ம் சேர்ந்து 5 ஜிபி. மேக்ஓஎஸ்ஸுக்கும் கொஞ்சம் ஒதுக்கினால் 8-க்குள் இழுத்துப் பிடித்து அடங்கும். சைபர்பங்க் விண்டோஸ் பதிப்பு 12-ம் 6-ம் சேர்ந்து 18 ஜிபி. எந்தச் செட்டிங்கைக் குறைத்தாலும் அது அடங்காது. தொட்டி நிரம்பினால் மேக் டிஸ்கை மெமரியாகப் பயன்படுத்தத் தொடங்கும். உங்கள் 256 ஜிபி எம்2 ஏரில் தகவலைச் சேமிக்கும் நாண்ட் சிப் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, பெரிய டிஸ்க் மாடலைவிட அது வேகம் குறைவு, அதனால் தடுமாற்றம் இன்னும் நன்றாகவே தெரியும். ஆடும்போது ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பிரஷர் என்ற வரைபடத்தைக் கவனியுங்கள். பச்சை என்றால் சரி, மஞ்சளில் டெக்ஸ்ச்சரைக் குறையுங்கள், சிவப்பு வந்தால் இந்தக் கேம் இந்த மெஷினுக்கு இல்லை. குரோமை மூடிவிட்டு ஆடினாலே பல சமயம் மஞ்சள் பச்சையாகிவிடும்.

ரெசல்யூஷனை அப்படியே விடாதீர்கள். உங்கள் திரை 2560-க்கு 1664. பாட்டிலில் ஹை ரெசல்யூஷன் மோடை அணைத்துவிட்டு கேமில் 1280-க்கு 832 அல்லது அதற்கு நெருங்கியதை வைத்தால் வரைய வேண்டிய புள்ளிகள் நாலில் ஒரு பங்காகிவிடும். ஃபிரேம் ரேட்டை 30-இல் கட்டிப்போடுங்கள். 60-க்கும் 25-க்கும் இடையே ஊசலாடுவதைவிட நிலையாக நிற்கும் 30 கண்ணுக்கு எவ்வளவோ இதம்.

கட்டிப்போடச் சொல்வதற்கு இன்னொரு காரணம் வேலூர் வெயில். ஏரில் ஃபேன் கிடையாது, அலுமினிய உடம்புதான் சூட்டை வெளியே விட வேண்டும். மேக்புக்கைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் அறை வெப்பம் 10 முதல் 35 டிகிரி வரை. கத்திரி வெயில் காலத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் ரூம் மதியத்தில் 35-ஐச் சாதாரணமாகத் தாண்டும். அப்போது சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். விசைப்பலகைக்கு மேலே, திரை மடங்கும் இடத்தை ஒட்டிய தகட்டைத் தொட்டால் கை சுடும். சரியாக அந்த நேரத்தில்தான் ஃபிரேம் விழும். மெத்தை மேல் வைக்காதீர்கள். இரும்பு ஸ்டாண்டில் தூக்கி வைத்து, டேபிள் ஃபேன் காற்று அடிப்பக்கம் படும்படி செய்யுங்கள். ஏர்கூலர் முன்னால் வேண்டாம், அது ஈரக் காற்று. ஐஸ் பேக், ஈரத்துணி கூடவே கூடாது, உள்ளே நீர் கோர்க்கும். மே மாதத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆடினால் அதே கேம் அதே செட்டிங்கில் வேறு மாதிரி ஓடும்.

அடுத்தது டிஸ்க். ஜிடிஏ 5 நூறு ஜிபியைத் தாண்டும். 100 எம்பிபிஎஸ் ஃபைபரில் 100 ஜிபி இறங்க இரண்டேகால் மணி நேரம், ரூமில் பலர் பங்கு போட்டு 40 எம்பிபிஎஸ் கிடைத்தால் ஐந்தரை மணி நேரம். இடையில் கரென்ட் போனாலும் ஸ்டீம் விட்ட இடத்திலிருந்து தொடரும். நண்பரின் விண்டோஸ் பிசியில் அதே பதிப்பு இருந்தால் இன்னும் சுலபம். ஸ்டீம்ஆப்ஸ், காமன் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் கேம் ஃபோல்டரை ஹார்டு டிஸ்கில் எடுத்து வாருங்கள். விண்டோஸ் முறையில் ஃபார்மட் செய்த என்டிஎஃப்எஸ் டிஸ்க் என்றாலும் மேக் படிக்கும், எழுத மட்டும் முடியாது. கிராஸ்ஓவரில் சி டிரைவைத் திற என்று கொடுத்து, அங்கே ஸ்டீமுக்குள் அதே இடத்தில் போட்டுவிட்டு இன்ஸ்டால் அழுத்துங்கள். இருக்கும் ஃபைலைச் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கும். கேம் நண்பருடையதாக இருந்தாலும் லைசென்ஸ் உங்கள் அக்கவுன்ட்டில் இருக்க வேண்டும்.

கேமை வெளி எஸ்எஸ்டியில் வைக்கலாம். ஆனால் அதை மேக்கின் சொந்த முறையான ஏபிஎஃப்எஸ்ஸாக ஃபார்மட் செய்துவிட்டு வையுங்கள். எக்ஸ்ஃபேட் முறையில் குறுக்கு இணைப்பு ஃபைல்கள் (வேறிடத்து ஃபைலைச் சுட்டுபவை) வேலை செய்யாததால் எதிர்பாராத இடத்தில் பிழை வரும். வைன் கான்ஃபிகரேஷனில் டிரைவ்ஸ் பகுதியில் அதை டி டிரைவாகச் சேர்த்து, பிறகு ஸ்டீம் செட்டிங்ஸில் ஸ்டோரேஜில் சேர்க்க வேண்டும். வெளி டிஸ்கைத் தொட கிராஸ்ஓவருக்கு அனுமதி கேட்டு மேக் ஒரு பெட்டி காட்டும். அதில் தெரியாமல் மறுத்துவிட்டால் ஸ்டீம் "டிஸ்க் ரைட் எரர்" என்று நச்சரிக்கும்.

பேரலல்ஸ் ஏன் வேண்டாம் என்றால், அது டைரக்ட்எக்ஸ் 11 வரைதான், 12 கிடையாது. அதோடு முழு விண்டோஸையும் உங்கள் 8 ஜிபிக்குள்ளேயே குடியேற்ற வேண்டும். 16 ஜிபி மேக்கில் கிராஸ்ஓவரில் திறக்காத சிறிய கேமுக்கு அது கைகொடுக்கும். கிராஸ்ஓவருக்கு மாற்றாக, யூடியூபில் இலவசம் என்று காட்டும் விஸ்கி 2025-இல் பராமரிப்பு நின்றுபோன திட்டம். இப்போது அதில் புதிதாகத் தொடங்க வேண்டாம். எபிக், ஜிஓஜி தளங்களில் வாங்கிய கேம்களுக்கு ஹீரோயிக் லாஞ்சர் இலவசம், முயன்று பார்க்கலாம். பழைய இன்டெல் மேக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும், விண்டோஸை நேரடியாக நிறுவும் பூட்கேம்ப் வழி இருக்கிறது, எம் வரிசையில் அது கிடையாது.

கன்ட்ரோல் விசையோடு அம்பு விசை அழுத்தினால் கேமை விட்டு வேறு டெஸ்க்டாப்புக்குத் தாவும். சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்ட் ஷார்ட்கட், மிஷன் கன்ட்ரோல் போய் அதை அணைத்துவிடுங்கள். கேம்பேட் வாங்குவதானால் ப்ளூடூத் உள்ள எக்ஸ்பாக்ஸ் அல்லது பிளேஸ்டேஷனின் டூயல்சென்ஸ். விலை குறைந்த டாங்கிள் கேம்பேட் பல விண்டோஸ் முறையில் மட்டும் பேசும், மேக் அதைக் கண்டுகொள்ளாது. நின்டென்டோ ஸ்விட்ச் மோட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கிராக் செய்த கேமைப் பாட்டிலுக்குள் போட்டால் மேக்குக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்வார்கள். பாட்டில் பூட்டிய அறை அல்ல. அதற்குள் இசட் டிரைவ் என்ற பெயரில் உங்கள் மேக்கின் ஃபைல்கள் திறந்து கிடக்கின்றன, டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் உட்பட. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் மார்க்ஷீட் ஸ்கேனும் வைத்திருக்கும் மெஷினில் அந்த வேலை வேண்டாம்.

இன்றைக்கே கிராஸ்ஓவர் சோதனையைத் தொடங்கி முதலில் போர்ட்டல் 2 போடுங்கள். அது ஓடிய பிறகு ஜிடிஏ 5 வாங்குங்கள். ஸ்டீம் வாங்கிய 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் பணத்தைத் திருப்பித் தரும். ஓடாத கேமைத் திறந்து வைத்துக்கொண்டு செட்டிங் மாற்றும் நேரமும் அந்த 2 மணியில் கழியும். அதனால் ஒன்றரை மணியில் முடிவு செய்துவிடுங்கள்.