ஐந்து வகுப்பில் எதை நிறுத்துவது? பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் பெண்ணின் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள், ஜூனில் பயோ-மேத்ஸ் குரூப்பில் சேரப்போகிறாள். பாட்டு, இந்தி, டைப்ரைட்டிங், சிலம்பம், ஆன்லைன் கோடிங் என்று ஐந்து வகுப்புகள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் படிப்பை மட்டும் பார்க்கட்டும் என்கிறார் அவள் அப்பா. இத்தனை வருஷம் கட்டிய ஃபீஸும் அலைந்த அலைச்சலும் வீணாகிவிடுமே என்று உங்களுக்கு மனசு கேட்கவில்லை. பாட்டையும் இந்தியையும் கோடிங்கையும் வைத்துக்கொண்டு, வெயிலில் கறுத்துப் போகிறாள் என்பதால் சிலம்பத்தை மட்டும் நிறுத்தலாமா என்று கேட்கிறீர்கள்.

கட்டிய பணம் நிறுத்தினாலும் திரும்பாது, தொடர்ந்தாலும் திரும்பாது. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நான் முதலில் பார்ப்பது வேறு. இரண்டு வருஷம் விட்டுவிட்டுத் திரும்பினால் அந்தத் திறமை என்ன நிலையில் இருக்கும்? போட்டது போட்டபடி இருக்குமா, பாதி தேய்ந்திருக்குமா, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்குமா? ஒவ்வொரு வகுப்புக்கும் இதற்குப் பதில் வேறு வேறு. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவதும் தப்பு, எல்லாவற்றையும் அப்படியே இழுத்துக்கொண்டு போவதும் தப்பு என்கிறேன்.

டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ் லோயர் (இளநிலைத் தேர்வு) பாஸ் செய்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நிமிஷத்துக்கு 30 வார்த்தை அடித்த கை அது. முதல் வாரம் முழுக்க 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று சுண்டுவிரல் வலிக்க அடித்துப் பழகிய விரல், வருஷக்கணக்கில் விட்டாலும் எழுத்து இருக்கும் இடத்தை மறக்காது. வேகம் குறையும், ஒரு மாதம் உட்கார்ந்தால் திரும்பிவிடும். அதனால் இதைத் தைரியமாக நிறுத்திவைக்கலாம். ஆனால் முடிந்துவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-இல் தட்டச்சர் பதவிக்குத் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் தேர்ச்சி வேண்டும். இரண்டும் ஹையராக (முதுநிலை) இருக்கலாம், இல்லையென்றால் ஒன்று ஹையர், மற்றது லோயர். ஹையருக்கு நிமிஷத்துக்கு 45 வார்த்தை. பிளஸ் டூ பரீட்சை முடிந்து கல்லூரி திறக்கும்வரை கிடைக்கும் லீவில் தமிழ் லோயரைத் தொடங்கினால், கல்லூரி நாட்களில் ஹையரை முடித்துவிடலாம். அதுவரை கையில் இருக்கும் சான்றிதழை லேமினேட் செய்யாமல் ஃபைலில் பத்திரமாக வையுங்கள்.

பாட்டு விஷயம் அப்படியில்லை. குரல் சாதகத்தில், அதாவது தினசரிப் பயிற்சியில், நிற்பது. ஆறு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தால் மேல் ஸ்தாயியில் ஸ்ருதி சேராது, மூச்சு பாதியில் நின்றுபோகும். இத்தனை வருஷம் கற்றதை அப்படி விடுவதற்கு எனக்கு மனசு வராது. அதே சமயம் வாரம் மூன்று வகுப்பு, புதுக் கிருதி, நவராத்திரிக் கச்சேரி என்று பதினொன்றாம் வகுப்பில் ஓடவும் முடியாது. பாட்டு டீச்சரிடம் போய், இரண்டு வருஷத்துக்கு வாரம் ஒரு வகுப்பு போதும், புதுப்பாடம் வேண்டாம், தெரிந்தது கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். வீட்டில் காலையில் தம்பூரா ஆப்பை ஓடவிட்டு இருபது நிமிஷம் வரிசையும் ஒரு வர்ணமும். அது சரியாக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஓர் அட தாள வர்ணத்தை இரண்டு காலத்திலும் (வேகத்திலும்) பாடச் சொல்லுங்கள். இரண்டாம் காலத்தில் தாளம் போடும் கை முன்னால் ஓடினால், அந்த வாரம் சாதகம் குறைந்துவிட்டது என்று அவளுக்கே புரியும். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

பிற்பாடு பாட்டையே படிப்பாக எடுக்க நினைத்தாலும் பயோ-மேத்ஸ் அதற்குத் தடையில்லை. இசைக் கல்லூரிகள் இருக்கின்றன, 2013-இல் அமைந்த தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னை ஐஐடியில் கலைத்திறனுக்கென்று தனி இடங்கள் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான், 2025-26 கல்வியாண்டிலிருந்து ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் இரண்டு இடம். ஆனால் அதற்கும் ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசைப் பட்டியலில் பெயர் வந்திருக்க வேண்டும். அந்த இடத்தை மனதில் வைத்துப் பாட்டை நெருக்காதீர்கள்.

இந்திக்கு வருகிறேன். தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவில் ராஷ்டிரபாஷா தேர்வு வரை முடித்திருக்கிறாள், அடுத்து பிரவேசிகா, விஷாரத், பிரவீண் என்று போக வேண்டும் என்பது தாத்தாவின் ஆசை. ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது: கைடு பார்த்து மனப்பாடம் செய்துதான் எழுதினாள், ரயிலில் பக்கத்து சீட்காரர் இந்தியில் பேசினால் பதில் சொல்ல வராது. எழுத்துக் கூட்டிப் படிக்க வருகிறது, சான்றிதழும் இருக்கிறது, அது நல்லதுதான். மொழி இன்னும் உள்ளே இறங்கவில்லை. அடுத்த தேர்வையும் இப்படியே எழுதினால் கூடுதலாக ஒரு சான்றிதழ் வரும், பேச்சு வராது. சபாவின் தேர்வுகள் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வருகின்றன. பிளஸ் டூவில் பிப்ரவரி என்றால் பிராக்டிகல், ரிவிஷன், அடுத்த மாதமே பொதுத்தேர்வு. இந்தியை இங்கே நிறுத்துங்கள். நாளைக்கு வேலைக்காக வட இந்தியா போக நேர்ந்தால், தேவை வந்தபின் மூன்று நான்கு மாதத்தில் பேசக் கற்றுக்கொள்வாள். எழுத்து தெரிந்திருப்பது அப்போது உதவும்.

கோடிங் வகுப்பை இந்த மாதத்தோடு விட்டுவிடலாம். கட்டங்களை இழுத்துப் போட்டுத் திரையில் பூனையை நடக்கவிடும் ஆரம்ப நிலையிலேயே அவள் இருக்கிறாள். நினைவுபடுத்தினால்தான் லாகின் செய்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆர்வம் வந்தால், நம் பாடத்திட்டத்தின் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் பைத்தான் என்ற கணினி மொழி இருக்கிறது. அவள் குரூப்பில் அந்தப் பாடம் இல்லாவிட்டாலும், அரசின் பாடநூல் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிப் படிக்கலாம்.

நீங்கள் நிறுத்த நினைக்கும் சிலம்பத்தைத்தான் நான் விடக்கூடாது என்பேன். ஐந்து வகுப்பில் யாரும் சொல்லாமல் தானே கிளம்பிப் போவது அது ஒன்றுக்குத்தான். மழை பெய்தால் வகுப்பு இல்லையே என்று முகம் வாடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். காலை டியூஷன், பள்ளி, மாலை டியூஷன் என்று பதினாறு வயதுப் பெண் உட்கார்ந்தே இருக்கப்போகும் இரண்டு வருஷம் இது. கம்பு சுற்றும் ஒரு மணி நேரத்தில் அவள் உடம்புக்கும் மனசுக்கும் கிடைப்பதை வேறு எந்த வகுப்பும் தராது. வாரம் இரண்டு மாலை போகட்டும். வெயில் இறங்கியபின் நடக்கும் பேட்ச் இருக்கிறதா என்று ஆசானிடம் கேளுங்கள், கறுத்துப் போகும் கவலையும் தீரும்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அதன் பிறகு, இதற்கு கோட்டா கிடைக்குமா என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. அந்தத் தரவரிசை மாநில, தேசிய அளவில் வாங்கிய சான்றிதழ்களை வைத்துப் போடப்படுகிறது. மாவட்டப் போட்டி வரை போயிருக்கும் உங்கள் மகளுக்கு அந்தக் கணக்கு இப்போது வேண்டாம். கோட்டாவுக்காக என்று ஆரம்பித்தால் விருப்பமாகப் போகும் ஒன்றும் சுமையாகிவிடும்.

இன்னொன்று. வகுப்புப் பட்டியலுக்கு வெளியே, கடிதத்தின் கடைசியில், திட்டியதாக எழுதியிருந்தீர்கள்: பயாலஜி ரெக்கார்டில் ஒரு இலையின் குறுக்குவெட்டுக்கு இரண்டு மணி நேரம் ஷேடிங் செய்துகொண்டிருந்தாள், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களெல்லாம் வீடுகளும் படிக்கட்டுகளும். இது என் கண்ணை நிறுத்தியது. ஃபீஸ் இல்லாமல், டீச்சர் இல்லாமல், திட்டு வாங்கியும் செய்கிறாள். படிக்கட்டு வரைகிற பிள்ளைக்குப் பரிமாணம் புரிகிறது என்று அர்த்தம். ஆர்க்கிடெக்சர் படிக்க பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும், அவள் எடுக்கும் குரூப்பில் இரண்டும் இருக்கின்றன. நாட்டா நுழைவுத் தேர்வில் வரைவதற்கென்று தனிப் பகுதி உண்டு. டிசைன் பக்கம் என்றால் நிஃப்ட், என்ஐடி (NID, தேசிய வடிவமைப்பு நிறுவனம்) நுழைவுத் தேர்வுகளிலும் கைவேலைக்கு இடமிருக்கிறது. உடனே கோச்சிங்கில் சேர்த்துவிடாதீர்கள். கோடிங்குக்கு இதுவரை போன மாதப் பணத்தில் கொஞ்சம் எடுத்து நல்ல ஸ்கெட்ச் நோட்டு ஒன்றும், ஹெச்பி, 2பி, 4பி, 6பி பென்சில்களும் வாங்கிக் கொடுங்கள். வாரத்தில் ஒரு மாலை அவளுடையது. மாடிப்படி, பஸ் ஸ்டாப், அடுப்படி என்று கண்ணால் பார்ப்பதை வரையட்டும். காலாண்டுத் தேர்வு வரை அவள் விடாமல் வரைந்தால் மேலே பேசலாம். சலித்துப் போனால் அதுவும் சரி, அவளைக் குறை சொல்லாதீர்கள்.

நிறுத்துகிற முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறது. டீச்சர் போன் செய்தால் உடம்பு சரியில்லை என்கிறார்கள். அப்புறம் கடைத்தெருவில் அந்த டீச்சரைப் பார்த்தால் பிள்ளை ஒளிகிறது. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பிப் போக ஆசை வந்தாலும் அந்த வெட்கமே போகவிடாது. உங்கள் மகள் அப்படி நிற்க வேண்டாம். இந்தி டீச்சரிடமும் டைப்ரைட்டிங் சாரிடமும் பாக்கி ஃபீஸோடு நீங்கள் இருவரும் நேரில் போங்கள். இந்தக் காரணத்தால் நிறுத்துகிறோம், நீங்கள் சொல்லிக் கொடுத்தது அவளிடம் இருக்கும் என்று அவளே சொல்லட்டும். பல வருஷம் பிள்ளையைப் பார்த்த ஆசிரியர்களுக்கு நமக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருக்கும். கிளம்பும் முன், இவளிடம் நீங்கள் கவனித்தது என்ன என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதிலை எனக்கும் எழுதுங்கள்.

இதையெல்லாம் நீங்களும் அவள் அப்பாவும் பேசி முடித்துவிட்டு அவளிடம் அறிவிக்காதீர்கள். இந்தக் கடிதத்தை அவளிடமே படிக்கக் கொடுங்கள். நான் தப்பாகக் கணித்திருக்கும் இடத்தை அவள்தான் சொல்ல முடியும். கோடிங்கை நான் சுலபமாகத் தள்ளிவிட்டேன், அவளுக்கு அதில் ஏதாவது பிடித்திருக்கலாம். அப்படியிருந்தால் வேறு எதைக் குறைப்பது என்று அவளே சொல்லட்டும், மாலை நேரம் அவளுக்கு அவ்வளவுதான் இருக்கிறது.

தாத்தாவிடம் மட்டும் சீக்கிரம் பேசிவிடுங்கள். ஆகஸ்ட் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கும் சமயம் வந்துவிடும், ஆசையாக அவர் பணம் கட்டிவிட்டால் அப்புறம் யாராலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்