தல்பூர் மீர்கள்: சிந்துவை ஆண்ட பலூச் குலம் (கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, பலூச் குலமான தல்பூர்கள் சிந்துவில் (இன்று பாகிஸ்தானின் ஒரு மாகாணம்) ஆட்சிக்கு வந்தது எப்படி?

பதில்: லகாரி என்ற பெரிய குலத்தின் கிளை இவர்கள். சிந்துவை ஆண்ட கல்ஹோராக்களிடம் படைத்தலைவர்களாக இருந்தார்கள். இவர்கள் செல்வாக்கு வளர்ந்ததும் அரண்மனைக்குப் பயம் வந்தது. தல்பூர் தலைவர் மீர் (இது இவர்கள் பட்டம்) பஹ்ராம் கானைக் கல்ஹோராக்கள் கொன்றார்கள், பின்னால் அவர் மகன் மீர் பிஜாரையும். அந்தப் பகை 1783இல் ஹாலானி போரில் முடிந்தது. மீர் ஃபதே அலி கான் ஜெயித்தார்.

கேள்வி: அண்ணன் தம்பிகள் சேர்ந்தே ஆண்டார்களாமே சார்?

பதில்: ஆமாம். ஃபதே அலி, குலாம் அலி, கரம் அலி, முராத் அலி நால்வரும் ஹைதராபாத்தில் (சிந்துவில் உள்ளது) கூட்டாக ஆண்டார்கள். கைர்பூரும் மீர்பூரும் உறவினர்கள் கையில். அரியணைக்காக உடன்பிறந்தவனையே வெட்டிய காலத்தில் இது பெரிய விஷயம்.

கேள்வி: அப்புறம் ஏன் ஆங்கிலேயரிடம் தோற்றார்கள்?

பதில்: 1831இல் ஆங்கிலேய அதிகாரி அலெக்சாண்டர் பர்ன்ஸ் பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங்குக்குப் பரிசாகக் குதிரைகளைப் படகில் ஏற்றிச் சிந்து நதி வழியாகப் போனார். பரிசு ஒரு சாக்கு. ஆற்றை அளப்பதுதான் வேலை. ஆங்கிலேயர் ஆற்றைப் பார்த்துவிட்டார்கள், இனி சிந்து போயிற்று என்று ஒரு சையது (நபிகள் வழிவந்தவர்) புலம்பியதைப் பர்ன்ஸே எழுதி வைத்திருக்கிறார். 1832 ஒப்பந்தத்தில் வியாபாரத்துக்கு மட்டும்தான் ஆறு திறந்தது, போர்த் தளவாடம் கூடாது. ஆப்கன் போர் வந்ததும் கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) அதை மீறினார்கள். இதைத் துரோகம் என்றுதான் நான் சொல்வேன். குடும்பத்துக்குள்ளும் விரிசல் விழுந்தது: கைர்பூரில் மீர் அலி முராத், அண்ணன் மீர் ருஸ்தமை ஒதுக்கிவிட்டு ஆங்கிலேயத் தளபதி சார்லஸ் நேப்பியர் பக்கம் போனார். 1843 பிப்ரவரி 17 அன்று மியானியில் ஹைதராபாத் மீர்கள் தோற்றார்கள். அலி முராதின் கைர்பூர் மட்டும் சமஸ்தானமாக 1955 வரை நீடித்தது.

கேள்வி: ஹோஷு ஷீதி யார்?

பதில்: ஆப்பிரிக்க வம்சாவளியினர், தல்பூர்களின் தளபதி. 1843 மார்ச் 24 அன்று ஆங்கிலேயருடன் நடந்த தப்போ போரில் மீர்பூரின் மீர் ஷேர் முகமது பக்கம் நின்று உயிர்விட்டார். ‘உயிரை விடுவோம், சிந்துவை விடமாட்டோம்’ என்ற முழக்கம் அவருடையது என்பார்கள். சிந்து மக்கள் இன்றும் அதை முழங்குகிறார்கள். மீர்களைப் பற்றிப் பேசும்போது இவரை விடவே கூடாது.

கேள்வி: இன்று பார்க்க என்ன மிச்சம்?

பதில்: ஹைதராபாத்தில் மீர்களின் கல்லறை மாடங்கள், கைர்பூரில் ஃபைஸ் மஹல், பக்கத்தில் மீர் சொஹ்ராப் கான் கட்டிய கோட் டிஜி கோட்டை. ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் கோட்டைக்குப் போங்கள்.