மெம்ப்ரேன் மாத்தியாச்சு, ஆனா தண்ணி சரியில்லையே!

வீட்டு மெஷின் ரிப்பேர்: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த லெட்டர்ல நிறைய ஆர்ஓ மெஷின் பத்திதான். அதுலயும் மெம்ப்ரேன், அதாவது உப்பை வடிகட்டற பாகம், அதை மாத்தினதுக்கு அப்புறம் வந்த பிரச்சனைங்க. ஒண்ணொண்ணா பாத்துடலாம்.

கேள்வி (மேடவாக்கத்துலேர்ந்து ஒரு வாசகி): எங்க வீட்டுல போர் தண்ணி, டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற மொத்த உப்பு) 1450. மெஷின் வாங்கி மூணு வருஷம் ஆச்சு. போன மாசம் மெம்ப்ரேன், கார்பன் ஃபில்டர், செடிமென்ட் ஃபில்டர் எல்லாம் மாத்தினோம். மாத்தின அன்னிக்கே லேசா உப்பு கரிச்சுது. மீட்டர் வாங்கி வெச்சுப் பாத்தா டேங்க் தண்ணி 380 காட்டுது. சர்வீஸுக்கு வந்த தம்பி "உங்க போர் ரொம்ப மோசம்கா, இன்னொரு மெம்ப்ரேன் போட்டாத்தான் சரியாகும்"னு சொல்றார். போடலாமா?

பதில்: போடாதீங்கம்மா, கொஞ்சம் பொறுங்க. 1450ங்கறது உப்புத்தண்ணிதான், ஆனா வீட்டு ஆர்ஓ மெஷின் பொதுவா 2000 வரைக்கும் தாங்கற மாதிரிதான் பண்றாங்க, அதனால போர் மேல பழியைப் போட்டு இன்னொரு மெம்ப்ரேனுக்கு காசு கொடுக்க வேண்டியதில்ல. முதல்ல எங்க தப்புன்னு அளந்து பாக்கணும். டேங்க்ல இருக்கறது வெறும் மெம்ப்ரேன் தண்ணி இல்ல, வழியில வேற தண்ணியும் அதுல கலக்குது, அதனால டேங்க்ல மட்டும் மீட்டரை விட்டுப் பாத்து மெம்ப்ரேன் சரியில்லன்னு முடிவு பண்ணவே கூடாது.

மெஷின் மூடியைக் கழட்டினா வெள்ளையா, தடியா, ஒரு அடி நீளத்துக்கு குழாய் மாதிரி இருக்கும், அதுதான் மெம்ப்ரேன் ஹவுசிங். அதோட ஒரு முனையில ரெண்டு டியூப் வெளிய வரும். நடுவுல இருக்கறது நல்ல தண்ணி, ஓரத்துல இருக்கறது வேஸ்ட். அந்த நடு டியூப் அடுத்து எங்க போய் சேருதோ அந்த இடத்துல கழட்டி ஒரு டம்ளர்ல பிடிங்க. ஆனா மெஷின் ஆன் பண்ணின உடனே பிடிக்காதீங்க, பத்து நிமிஷம் ஓடட்டும். மெஷின் சும்மா நிக்கற நேரத்துல உப்பு மெதுவா மெம்ப்ரேனைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துடும், அதனால முதல்ல வர்ற தண்ணி நல்ல மெம்ப்ரேன்லயும் கூடுதலாத்தான் காட்டும்.

இப்ப அளந்து பாருங்க. உதாரணத்துக்கு 90 காட்டுதுன்னு வெச்சுக்குவோம். 1450ல 90 போனா 1360, அதாவது நூத்துக்கு கிட்டத்தட்ட 94 பங்கு உப்பை நிறுத்திடுது, உங்க மெம்ப்ரேன் நல்லா இருக்குன்னு அர்த்தம். அப்ப டேங்க்ல 380 எப்படி வந்துச்சு? டிடிஎஸ் கன்ட்ரோலர்னு ஒரு சின்ன ஸ்க்ரூ வால்வ் இருக்கும், ஆர்ஓ பண்ணாத தண்ணியை கொஞ்சம் நல்ல தண்ணியோட கலக்கறதுக்கு. 90ம் 1450ம் கலந்து 380 வரணும்னா கணக்குப்படி அஞ்சு டம்ளர்ல ஒரு டம்ளருக்கு மேல உங்க போர் தண்ணி உப்பு குறையாம அப்படியே கலக்குது! அந்த ஸ்க்ரூவை மூடிட்டு டேங்க்கை ரெண்டு தடவை ரொப்பி காலி பண்ணிட்டு மறுபடி அளந்து பாருங்க.

நடு டியூப்லயே 300, 350ன்னு காட்டினா அது வேற கதை. எங்க வீட்டுலயே போன ஆடி மாசம் இது நடந்துச்சு. உள்ள போற தண்ணி 640, வெளிய வந்தது 410, புது மெம்ப்ரேன், நானே மாட்டினது. கழட்டிப் பாத்தா மெம்ப்ரேன் முனையில சின்னதா ரெண்டு கறுப்பு ஓ ரிங் இருக்குமே, அதுல ஒண்ணு அதோட பள்ளத்தை விட்டு வெளிய வந்து நூல் முறுக்கிக்கிட்ட மாதிரி சுருண்டு கிடந்துச்சு, ஒரு இடத்துல வெட்டும் விழுந்திருந்துச்சு. நல்ல தண்ணி போற குழாய்க்கும் உப்புத்தண்ணிக்கும் நடுவுல அந்த ரிங் மட்டும்தான் காவல், அது போச்சுன்னா எவ்ளோ விலை கொடுத்து வாங்கின மெம்ப்ரேனும் வீண்தான். ரிங்கை மாத்திப் போட்டதும் 410 இருந்தது 38க்கு வந்துடுச்சு.

மாட்டறப்ப அந்த ரெண்டு ரிங் இருக்கற முனை முதல்ல உள்ள போகணும், கடைசியில லேசா திருகிக்கிட்டே அழுத்தினா "டொக்"னு உக்காரும், அது கைக்கே தெரியும். இன்னொரு முனையில பாவாடை மாதிரி விரிஞ்ச பெரிய கறுப்பு ரப்பர் இருக்கும், அது மூடிப் பக்கம் வரணும். அது மடங்கி இருந்தா தண்ணி மெம்ப்ரேனுக்குள்ள போகாம சுத்தி வழுக்கிட்டு வேஸ்டுக்குப் போயிடும். ரிங் ஈஸியா போகணும்னு தேங்காயெண்ணெய், வேசலின் எல்லாம் தடவறாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, ரப்பர் ஊதிப்போகும், எண்ணெய் பட்டா மெம்ப்ரேனும் கெட்டுடும். சுத்தமான தண்ணியில நனைச்சு மாட்டினாலே போதும்.

 இவ்ளோ பாத்தும் குறையலன்னா மட்டும்தான் மெம்ப்ரேன் மேல சந்தேகப்படணும். அப்பவும் காசு கொடுக்காதீங்க, மாட்டி ஒரு மாசம்தான் ஆகுது, வாரன்டில மாத்திக் கேளுங்க.

கேள்வி (திருவள்ளூர் வாசகர்): புது மெம்ப்ரேன் போட்டதுலேர்ந்து தண்ணில ஒரு மருந்து வாசனை. முதல் நாள் கறுப்பு கறுப்பா தூள் கூட வந்துச்சு. குடிக்கலாமா?

பதில்: இப்ப குடிக்காதீங்க சார். கிருமி வளரக்கூடாதுன்னு சில புது மெம்ப்ரேனை சோடியம் மெட்டாபைசல்ஃபைட் மருந்து போட்டு பேக் பண்ணுவாங்க, அந்த வாசனையா இருக்கலாம். கறுப்புத்தூள் புது கார்பன் ஃபில்டர்லேர்ந்து வர்றது. முதல் ரெண்டு டேங்க் தண்ணியை அப்படியே கீழ விட்டுடுங்க, ரெண்டும் போயிடும். நாலு நாள் கழிச்சும் வாசனை இருந்தா டேங்க்கை கழட்டி உள்ள தேய்ச்சுக் கழுவுங்க, பழைய டேங்க்ல வழவழன்னு படிஞ்சிருக்கும், அந்த வாசனையா கூட இருக்கலாம்.

கேள்வி (மதுரையிலேர்ந்து ஒரு தம்பி): அண்ணே, கடைக்காரர் "100 ஜிபிடி போடு, வேகமா வரும்"னு சொன்னாரு, போட்டேன். முன்னாடி 75 இருந்துச்சு. இப்ப பத்து லிட்டர் டேங்க் ரொம்ப அஞ்சு மணி நேரம் ஆகுது. வேஸ்ட் குழாய்ல மட்டும் நல்லா பீச்சி அடிக்குது. என்ன பண்றது?

பதில்: தம்பி, 75 ஜிபிடின்னா ஒரு நாளைக்கு 75 கேலன், அதாவது 284 லிட்டர், மணிக்கு கிட்டத்தட்ட 12 லிட்டர். இது 25 டிகிரி சூட்டுல, உப்பு கம்மியா இருக்கற தண்ணில, சரியான பிரஷர்ல அளந்த கணக்கு. நம்ம வீட்டுல அதுல பாதி வந்தாலே போதும்னு வெச்சுக்கலாம், ஆனா உனக்கு மணிக்கு ரெண்டு லிட்டர்தான் வருது, அது ரொம்பக் கம்மி.

பிரஷர் ஏறலன்னுதான் எனக்குத் தோணுது. வேஸ்ட் டியூப்ல விரல் நீளத்துக்கு ஒரு சின்ன குச்சி மாதிரி இருக்கும், அதுதான் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர், எஃப்ஆர்னு சொல்லுவாங்க, மேல 300, 450, 550ன்னு நம்பர் போட்டிருக்கும். நிமிஷத்துக்கு இத்தனை மில்லி மட்டும்தான் வேஸ்டுக்கு விடும்னு அர்த்தம். அது வழியை அடைச்சுப் பிடிக்கறதாலதான் உள்ள பிரஷர் ஏறி தண்ணி மெம்ப்ரேனைத் தாண்டி வருது. ஒரு லிட்டர் பாட்டில், செல்போன்ல ஸ்டாப்வாட்ச், ரெண்டும் எடுத்துக்கோ. வேஸ்ட் டியூப்பை பாட்டில்ல விடு. 450 எஃப்ஆர்னா ஒரு லிட்டர் ரொம்ப ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகணும். உனக்கு அம்பது செகண்ட்ல ரொம்பிடுச்சுன்னா எஃப்ஆர் போயிடுச்சு, இல்ல மாட்டறப்ப விட்டுட்டாங்க, இல்ல தப்பான நம்பர் போட்டுட்டாங்க. இன்னொரு சோதனை, வேஸ்ட் டியூப்பை விரலால அஞ்சு செகண்ட் மட்டும் மடக்கிப் பிடி (அதுக்கு மேல வேணாம், டியூப் பிடுங்கிக்கும்), நல்ல தண்ணி சட்டுனு வேகமா வந்தா எஃப்ஆர் மாத்தினா போதும். அப்பவும் வரலன்னா பம்ப் தள்ளல, இல்ல வெளிய மாட்டியிருக்கற, அழுக்கைப் பிடிக்கற ஸ்பன் ஃபில்டர் அடைச்சிருக்கு.

100 ஜிபிடி விஷயத்துக்கு வர்றேன். பெரிய மெம்ப்ரேன் போட்டா பம்ப்பும் எஃப்ஆரும் அதுக்கேத்த மாதிரி பெருசா இருக்கணும். 75க்குன்னு வந்த பம்ப்பால 100க்கு பிரஷர் கொடுக்க முடியாது. இன்னொண்ணு, தண்ணில உப்பு ஒவ்வொரு 100 டிடிஎஸ் ஏறுறதுக்கும் சுமார் 1 பிஎஸ்ஐ பிரஷர் அந்த உப்பை எதிர்த்துத் தள்ளவே செலவாயிடும். 1500 டிடிஎஸ் போர்னா 15 பிஎஸ்ஐ அப்படியே போச்சு, வயசான பம்ப் திணறத்தான் செய்யும். பம்ப்புக்கு கரண்ட் கொடுக்கற எஸ்எம்பிஎஸ் 24 வோல்ட் கொடுக்குதான்னு மீட்டர் வெச்சு பாக்கச் சொல்லு, சும்மா இருக்கறப்ப இல்ல, பம்ப் ஓடிக்கிட்டு இருக்கறப்ப பாக்கணும். மார்கழியில தண்ணி கொஞ்சம் மெதுவா வந்தா பயப்படாத, ஒரு டிகிரி குறைஞ்சா மூணு சதவீதம் மாதிரி வரத்து குறையும், அது எல்லா மெஷின்லயும் அப்படித்தான்.

கேள்வி (தர்மபுரி மாவட்ட வாசகி): போர் தண்ணி 900 டிடிஎஸ். புது மெம்ப்ரேன் போட்டதும் 35க்கு வந்துடுச்சு, சந்தோஷமா இருந்தோம். மெஷின் மாட்டினவர் "இவ்ளோ கம்மியா குடிச்சா சத்து இருக்காது, மூட்டு வலி வரும்"னு சொல்லி ஸ்க்ரூவைத் திருகி 200ல வெச்சுட்டுப் போயிட்டார். வீட்டுல அஞ்சு வயசுலயும் மூணு வயசுலயும் ரெண்டு பசங்க. அவர் சொன்னது சரியா?

பதில்: அம்மா, இதைப் படிச்ச உடனே அந்த டிடிஎஸ் கன்ட்ரோலர் ஸ்க்ரூவை முழுசா மூடிடுங்க. மத்த ஊர்ல இது ருசி பிரச்சனை, உங்க ஊர்ல அப்படி இல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி தண்ணில ஃப்ளோரைடு அதிகம், அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்துச்சு, 2013ல திறந்தாங்க.

உங்க தண்ணி 35லேர்ந்து 200க்கு ஏறியிருக்குன்னா கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு போர் தண்ணி கலக்குது. உங்க போர்ல லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருக்குன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம், அந்த கலக்கற பங்குலயே 1 மில்லிகிராம் வந்துடுது. குடிநீருக்கு இந்தியத் தரம் சொல்ற அளவே 1 மில்லிகிராம்தான், வேற தண்ணிக்கு வழியே இல்லன்னா 1.5 வரைக்கும். மெம்ப்ரேன் கஷ்டப்பட்டு நிறுத்தின ஃப்ளோரைடை ஸ்க்ரூ வழியா நாமளே திரும்ப உள்ள விடறோம். இதை டிடிஎஸ் மீட்டர் காட்டிக் கொடுக்காது, அது தண்ணில கரன்ட் எவ்ளோ பாயுதுன்னு பாத்து மொத்த உப்பைத்தான் சொல்லும், எந்த உப்புன்னு அதுக்குத் தெரியாது. 200ன்னு காட்டறப்ப நமக்கு நிம்மதியா இருக்கும், அந்த 200க்குள்ள என்ன இருக்குன்னு லேபுக்குத்தான் தெரியும். மாவட்டத்துல குடிநீர் வடிகால் வாரியத்தோட லேப் இருக்கு, போர் தண்ணி ஒரு பாட்டில், மெஷின் தண்ணி ஒரு பாட்டில் கொண்டுபோய் ஃப்ளோரைடு மட்டுமாவது பாத்துட்டு வந்துடுங்க.

மூட்டு வலி பத்தி அவர் சொன்னது தலைகீழ். வருஷக்கணக்கா ஃப்ளோரைடு தண்ணி குடிச்சாத்தான் எலும்பும் மூட்டும் இறுகி வலிக்கும். சின்ன பசங்களுக்கு பல்லுல வெள்ளைத் திட்டு, அப்புறம் பழுப்புக் கறை வரும், ஈறுக்குள்ள பல்லு உருவாகிற இந்த வயசுலதான் அது பதியும், அப்புறம் தேய்ச்சாலும் போகாது. கொதிக்க வெச்சாலும் ஃப்ளோரைடு போகாதும்மா, தண்ணி ஆவியாகி இன்னும் அடர்த்திதான் ஆகும். சத்துக்கு கேழ்வரகு இருக்கு, பால், மோர், கீரை இருக்கு, பசங்களுக்கு சுண்ணாம்புச் சத்து அதுலேர்ந்து வரட்டும். தண்ணி சப்புனு இருக்குன்னா மினரல் கேட்ரிட்ஜ்னு தனியா வருது, அது போர் தண்ணியைக் கலக்காது. சோறு வடிக்க, குழம்பு வைக்கவும் மெஷின் தண்ணியையே எடுங்க, குடிக்க மட்டும்னு நிறுத்திடாதீங்க.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): மெம்ப்ரேன் மாத்தி ஒரு வாரமாச்சுங்க. டேங்க் ரொம்பி மெஷின் நின்னதுக்கப்புறமும் வேஸ்ட் டியூப்ல தண்ணி ஓடிட்டே இருக்குதுங்க. இன்னொண்ணு, அந்த வேஸ்ட் தண்ணியை கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்தலாமுங்களா? போர் டிடிஎஸ் 700.

பதில்: பிளக்கைப் பிடுங்கிட்டுப் பாருங்க. அப்பவும் ஓடுச்சுன்னா சோலினாய்டு வால்வ், எஸ்வின்னு சொல்லுவாங்க, அது மூடல. மெஷின் நின்னதும் தண்ணியை உள்ள விடாம அடைக்க வேண்டியது அதுதான், ஃபில்டர் கழட்டி மாட்டறப்ப கிளம்பின அழுக்கு அதோட வாய்ல சிக்கியிருக்கும், மொட்டை மாடி டேங்க்லேர்ந்து வர்ற பிரஷர்ல தண்ணி ராத்திரி பூரா ஓடிடும். விலை கம்மிதான், மாத்திடச் சொல்லுங்க. அதுவரைக்கும் மெஷின் ஓடாத நேரத்துல இன்லெட் குழாயை மூடி வைங்க. பிளக்கைப் பிடுங்கினதும் நின்னுடுச்சுன்னா எஸ்வி நல்லா இருக்குங்க, டேங்க் ரொம்பினதும் மெஷினை நிறுத்தற ஃப்ளோட் ஸ்விட்ச்தான் சரியா ஆஃப் ஆகாம மாட்டிக்கிட்டு இருக்கலாம்.

வேஸ்ட் தண்ணில உப்பு இன்னும் கூடுதலா இருக்குங்க. மூணுல ஒரு பங்கு கூட நல்ல தண்ணியா வராது, மீதியில உப்பு எல்லாம் சேர்ந்து 700 இருந்தது 1000 கிட்ட போயிடும். தினமும் கறிவேப்பிலைக்கு ஊத்தினா மண்ணுல உப்பு பூத்துடும், இலை ஓரம் கருகும். பாத்ரூம் கழுவ, தரை துடைக்க, டாய்லெட்டுக்கு எடுத்துக்கோங்க, அதுக்கு நல்லாவே ஆகும். உங்க தெருவுல சிறுவாணி லைன் வருதுன்னா குடிக்கறதுக்கு அதைப் பிடிச்சு வைங்க, மீட்டர்ல பாருங்க, ரொம்பக் கம்மியாத்தான் காட்டும், அதுக்கு ஆர்ஓ தேவையே இல்ல, காய்ச்சினாலோ யுவி ஃபில்டர் வெச்சாலோ போதும். டிடிஎஸ் 500க்குக் கீழ இருக்கற இடத்துல ஆர்ஓ வேணாம்னு 2019ல தேசிய பசுமைத் தீர்ப்பாயமே மத்திய அரசுக்கு உத்தரவு போட்டுச்சு. போர் தண்ணி மட்டும் வர்ற நாள்ல மெஷினை ஓட்டுங்க, ஆனா வாரக்கணக்குல ஓட்டாம விட்டுட்டீங்கன்னா மறுபடி ஓட்டறப்ப முதல் டேங்க்கை கீழ விட்டுட்டு அப்புறம் குடிங்க.